உடற்கூராய்வு மேசைக்கு முன்பே எழுதப்படும் கதை

தலித் இளைஞர் ஒருவரின் உடல் தண்டவாளத்திலோ கிணற்றிலோ மரக்கிளையிலோ கண்டெடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் அரசு மருத்துவமனைப் பிணவறையின் முன் ஒரே காட்சிதான் அரங்கேறுகிறது. உள்ளே ஒரு மருத்துவர் இருப்பார். வெளியே குடும்பத்தினர், காவலர்கள், அமைப்புத் தோழர்கள், வருவாய்த் துறை அலுவலர் ஆகியோர் நிற்பார்கள். "கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓர் அதிகாரி கூறுவார். அந்தப் "பிறகு" வரும்போது உடல் எரிந்தோ புதைந்தோ போயிருக்கும். வழக்கின் மிக முக்கியமான சாட்சியத்தை நாம் ஒரு கையெழுத்தில் இழந்திருப்போம்.

உடற்கூராய்வு அறிக்கையை இறுதித் தீர்ப்பாகக் கருதி நம்புவதும், "எல்லாம் விலைக்கு வாங்கப்பட்டது" என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதும் நம்மிடையே உள்ள இரு பிழைகள். அந்த அறிக்கை ஒரு தொழில்முறையாளர் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, தாம் பார்த்தவற்றைக் கொண்டு அளிக்கும் பதில். கேள்வியைக் காவல்துறை மட்டுமே கேட்டால், பதிலும் அந்தக் கேள்வியின் எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆகவே தடயவியல் மருத்துவர் எவ்வாறு பணியாற்றுகிறார் என்பதைக் களப்பணியாளர்களும் சட்ட மாணவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

யார் இந்தத் தடயவியல் மருத்துவர்?

எம்.பி.பி.எஸ். முடித்தபின் தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றவரே இத்துறையின் வல்லுநர். இவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரிகளின் தடயவியல் மருத்துவத் துறைகளில் பணிபுரிகின்றனர். ஆனால் வட்டார அளவிலான அரசு மருத்துவமனைகளில் உடற்கூராய்வு செய்பவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். மட்டுமே படித்த பொதுப்பணி மருத்துவர். காலையில் புறநோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பிணவறைக்கு வருபவர். சட்டப்படி இவர் செய்யும் ஆய்வும் செல்லும். ஆயினும், தூக்கா கழுத்து நெரிப்பா என்ற ஐயம் எழும் வழக்கில், இவ்விருவருக்கும் இடையிலான பயிற்சி வேறுபாடு வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.

இவர் விடை காண வேண்டியவை: இறந்தவர் யார், எப்போது இறந்தார், இறப்பின் காரணம் என்ன, காயங்கள் எவை, அவை உயிரோடு இருக்கையில் ஏற்பட்டவையா, எந்த வகை ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம். யார் கொன்றார் என்பது அவரது கேள்வி அன்று. இறப்பின் காரணமும் இறப்பின் தன்மையும் வேறுவேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். "மூச்சுத் திணறல்" என்பது காரணம். அது கொலையா, தற்கொலையா, விபத்தா என்பது தன்மை. மருத்துவர் முதலாவதைக் கூறுகிறார். இரண்டாவதை எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்கிறது. "மூச்சுத் திணறலால் மரணம்" என்ற வரியைப் "தற்கொலை உறுதி" என்று காவல்துறை செய்திக்குறிப்பாக வெளியிடும்போது, மருத்துவர் சொல்லாத ஒன்று அவர் பெயரால் பரப்பப்படுகிறது.

உடலுக்கு முன்னே செல்லும் கதை

இயற்கைக்கு மாறான மரணத்தில் காவல் அதிகாரி பிரேத விசாரணை நடத்தி அறிக்கை எழுதுகிறார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவாகியுள்ளது. இந்த அறிக்கையும் வேண்டுகோள் கடிதமும் உடலோடு பிணவறைக்குச் செல்கின்றன. அக்கடிதத்தில் "காதல் தோல்வியால் ரயில் முன் பாய்ந்து" என்று எழுதப்பட்டிருந்தால், மருத்துவர் கத்தியைத் தொடுமுன்பே அவருக்கு ஒரு கதை சொல்லப்பட்டுவிடுகிறது. நிகழ்விடத்தை அவர் நேரில் பார்ப்பதும் அரிது. வல்லுநர் எவ்வளவு நேர்மையானவராயினும், எதைத் தேட வேண்டும் என்ற திசையை அந்தத் தாள் காட்டிவிடுகிறது.

ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலில் இருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட நிலையில் அவரது உடல் கிடந்தது. தற்கொலைக் கடிதம் ஒன்றும் இருந்தது. வழக்கு முதலில் சந்தேக மரணமாகவே பதிவாயிற்று. பின்னரே அது கொலை வழக்காகவும் வன்கொடுமை வழக்காகவும் மாறியது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதி செய்தது. தண்டவாளமும் கடிதமும் சொன்ன முதல் கதையை யாரும் எதிர்க்காமல் இருந்திருந்தால், அந்தக் கோப்பு சந்தேக மரணம் என்ற பெயரிலேயே மூடப்பட்டிருக்கும்.

இந்த வகைப்பாட்டில் இன்னொன்றும் அடங்கியுள்ளது. சந்தேக மரணம் என்று நின்றுவிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வழக்கிற்குள் வராது. துணைக் கண்காணிப்பாளர் நிலையிலான அதிகாரியின் விசாரணை கிடையாது, நிவாரணமும் கிடையாது. 2016இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, கொலை வழக்குகளுக்கான 8.25 லட்சம் ரூபாய் நிவாரணத்தில் பாதி, உடற்கூராய்வு முடிந்ததுமே வழங்கப்பட வேண்டும். மீதி குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது. உழைத்துச் சோறு போட்ட பிள்ளையை இழந்த குடும்பத்திற்கு, பிரேத விசாரணைத் தாளின் ஒரு வரி எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

உடல் தரும் குறிப்புகள்

உயிருள்ள உடலில் காயம் பட்டால் இரத்தம் சுற்றியுள்ள திசுக்களுக்குள் ஊறுகிறது, உறைகிறது, காயத்தின் ஓரங்கள் விரிகின்றன. இறந்தபின் ஏற்படும் காயத்தில் இவை பெரும்பாலும் காணப்படுவதில்லை. தோல் மஞ்சளாகி, காய்ந்த தோல்தாள் போல் தோன்றும். ஒருவரைக் கொன்று தண்டவாளத்தில் கிடத்தினால், ரயில் ஏறிய காயங்களில் இந்த உயிர்ப்பு அறிகுறிகள் குறைவாகவும், அதற்கு முன் விழுந்த அடிகளில் தெளிவாகவும் இருக்கும். இறப்பையொட்டிய சில நிமிடங்களுக்குள் ஏற்பட்ட காயங்களை இவ்வாறு பிரித்தறிவது கடினம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் நுண்நோக்கியின் கீழ் திசு ஆய்வு தேவைப்படுகிறது.

தூக்கில் தொங்கியவரின் கழுத்துத் தடம் பொதுவாகத் தைராய்டு குருத்தெலும்புக்கு மேலே, சாய்வாக, முடிச்சு இருந்த இடத்தில் விட்டுப்போய் இருக்கும். வாயோரத்தில் எச்சில் வழிந்த தடம் இருந்தால், உயிரோடு இருக்கையில் தொங்கினார் என்பதற்கு அது வலுவான அறிகுறி. கயிற்றால் நெரிக்கப்பட்டவரின் தடம் கிடைமட்டமாக, கழுத்தைச் சுற்றி முழுமையாக, சற்றுத் தாழ்வாக அமையும். உள்தசைகளில் இரத்தக் கசிவும் குருத்தெலும்பு முறிவும் அதிகம் காணப்படும். கழுத்தைக் கடைசியாகவே திறக்க வேண்டும். மூளையையும் நெஞ்சுப் பகுதி உறுப்புகளையும் முதலில் எடுத்து, இரத்தம் வடிந்தபின் கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்தால்தான், உண்மையான கசிவையும் வெட்டும்போது உண்டான கசிவையும் வேறுபடுத்த இயலும். குறுக்கு விசாரணையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த வரிசையைப் பற்றியதே.

நீரில் மூழ்கி இறந்தவரின் வாயிலும் மூக்கிலும் நுண்ணிய நுரை, மூச்சுக்குழாயில் மணலும் சேறும், இறுகிய கைக்குள் புல் அல்லது பாசி போன்றவை இருக்கலாம். எலும்பு மஞ்ஞையில் டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளைத் தேடும் ஆய்வும் உண்டு. ஆனால் அதே கிணற்றின் நீர் மாதிரி எடுக்கப்படாவிட்டால் ஒப்பிட எதுவும் இராது. அந்த நீரை எடுக்க வேண்டியவர் மருத்துவர் அல்லர், புலனாய்வு அதிகாரி.

இறந்தபின் இரத்தம் உடலின் தாழ்ந்த பகுதியில் தேங்கி நிறம் காட்டும். சில மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். தூக்கில் தொங்கியவருக்குக் கால்களிலும் கைகளிலும் இந்நிறம் தோன்ற வேண்டும். முதுகில் மட்டுமே நிலைத்திருந்தால், படுத்த நிலையில் இறந்தபின் தூக்கி மாட்டப்பட்டாரா என்ற வினா எழுகிறது. உடலின் விறைப்பும் இறந்த நேரத்தைக் கணிக்க உதவும். நமது வெப்ப நிலத்தில் அது விரைவாகத் தொடங்கி விரைவாகவே தளர்கிறது. குளிர்பெட்டியில் வைத்த உடலில் இக்கணக்கு மாறிவிடும். ஆகவே உடல் எத்தனை மணிக்குக் குளிர்பெட்டிக்குள் சென்றது என்ற குறிப்பும் ஒரு சான்றே.

நஞ்சு குறித்த ஐயம் இருந்தால் இரைப்பையும் அதன் உள்ளடக்கமும், சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகங்கள் முதலியன உப்புக் கரைசலில் பாதுகாக்கப்பட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்திற்கு அனுப்பப்படும். திசு ஆய்வுக்கான துண்டுகளோ ஃபார்மலினில் வைக்கப்பட வேண்டும். இரண்டும் மாறிவிட்டால் இரண்டு ஆய்வுகளும் கெடும். இவ்வறிக்கைகள் வரும்வரை "இறுதிக் கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது" என்று மருத்துவர் எழுதுவார். மாதங்கள் ஓடும். போராட்டம் தணிந்தபின் வரும் அந்த இரண்டாம் தாளைக் கேட்டு வாங்க எவரும் செல்வதில்லை. செல்ல வேண்டும்.

கத்தி யாருடைய கையில்?

அரசுப் பிணவறைகள் பலவற்றில் உடலைத் திறப்பதும், மண்டையை அறுப்பதும், தைத்து மூடுவதும் பிணவறைப் பணியாளரின் வேலையாக உள்ளன. மருத்துவர் சற்றுத் தள்ளி நின்று சொல்ல, ஒருவர் எழுதுவார். அந்தப் பணியாளர் பெரும்பாலும் நம் மக்களில் ஒருவர். முறையான பயிற்சியோ, போதிய கையுறையோ, பணிப் பாதுகாப்போ இல்லாமல் ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவர். பிணத்தைத் தொடுவது ஒரு சாதியின் வேலை என்ற ஊரின் ஏற்பாடு, மருத்துவமனைச் சுவருக்குள்ளும் அப்படியே தொடர்கிறது.

இது மனித மாண்பு பற்றிய கேள்வி. கூடவே சான்றின் தரம் பற்றிய கேள்வியும் ஆகும். கசிவைக் காணவும், முறிவைத் தடவி உணரவும் பயிற்சி பெற்ற கை அந்த உடலைத் தொடவில்லை என்றால், அறிக்கையில் "முறிவு இல்லை" என்று எழுதப்பட்டதன் பொருள் என்ன? முறிவு இல்லையா, தேடப்படவில்லையா? நான் நடத்திய ஒரு வழக்கின் விசாரணையில், கழுத்தைத் திறந்தது யார் என்ற கேள்விக்கு மருத்துவர் நீண்ட நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு "என் மேற்பார்வையில் திறக்கப்பட்டது" என்றார். அந்த மேற்பார்வை எவ்வளவு தொலைவிலிருந்து என்பதே அடுத்த கேள்வியாயிற்று. காணொளிப் பதிவு இருந்திருந்தால் அக்கேள்விக்கே தேவை இருந்திராது.

ஹத்ராஸ் தரும் பாடம்

உத்தரப் பிரதேசத்தின் ஹத்ராசில் 2020 செப்டம்பர் 14 அன்று தலித் இளம்பெண் ஒருவர் தாக்கப்பட்டார். பாலியல் வன்முறைக்கான மருத்துவ ஆய்வு நடந்தது செப்டம்பர் 22 அன்றுதான். மாதிரிகள் ஆய்வகத்தைச் சேர்ந்தது 25ஆம் நாள். 29 அன்று அவர் தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் உயிரிழந்தார். அன்றிரவு விடியுமுன் காவல்துறை, குடும்பத்தின் பங்கேற்பின்றி, உடலை எரித்தது. பின்னர், மாதிரிகளில் விந்தணு இல்லை என்ற ஆய்வக முடிவைக் காட்டி, வன்புணர்வு நடக்கவில்லை என்று உயர் காவல் அதிகாரி அறிவித்தார்.

எட்டு நாள் கடந்தபின் எடுக்கப்பட்ட மாதிரியில் விந்தணு கிடைக்காதது இயல்பே. 2013 சட்டத் திருத்தத்திற்குப் பின் வன்புணர்வுக் குற்றத்திற்கு விந்தணு தேவையும் இல்லை. மத்தியப் புலனாய்வுத் துறை 2020 டிசம்பரில் கூட்டு வன்புணர்வும் கொலையும் எனக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2023 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் மூவரை விடுவித்தது. ஒருவரை மட்டும், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் தண்டித்தது. வன்புணர்வுக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. காலம் தாழ்ந்து எடுத்த மாதிரியை மீண்டும் எடுக்க இயலாது; எரித்த உடலை மீண்டும் ஆய்வு செய்யவும் இயலாது. எந்த மேல்முறையீட்டாலும் சரிசெய்ய முடியாத இழப்புகள் இவை.

மறு ஆய்வும் நீதிமன்ற நெறிகளும்

2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் ரயில் பாதையருகே இளவரசன் உடல் கிடைத்தபின், உயர் நீதிமன்ற ஆணையின் பேரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவர் குழு மறு உடற்கூராய்வு செய்தது. 2016 செப்டம்பரில் புழல் சிறையில் ஒரு தலித் இளைஞர் இறந்தபோது, தம் தரப்பு மருத்துவர் உடனிருக்க வேண்டும் என்று தந்தை வழக்குத் தொடுத்தார். தனியார் மருத்துவருக்கு மாற்றாக எய்ம்ஸ் வல்லுநரைக் குழுவில் சேர்க்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அக்டோபர் 1 அன்றே ஆய்வு நடந்தது. இவ்வாறு வாதாடிப் பெறும் நாட்களிலும் உடல் மாறிக்கொண்டே இருக்கிறது. மறு ஆய்வு என்பது ஏற்கெனவே திறக்கப்பட்ட உடலில் நடப்பது. முதல் ஆய்வின் குறைகள் அனைத்தையும் அது ஈடுசெய்யாது. முதல் ஆய்வைச் சரியாக நடத்த வைப்பதே முதன்மையான போராட்டம்.

அதற்கான கருவிகள் நம்மிடம் உள்ளன. காவல் மரணங்களில் உடற்கூராய்வைக் காணொளியாகப் பதிவு செய்யுமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 1995லேயே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 1997இல் மாதிரி அறிக்கைப் படிவத்தையும் வகுத்தது. ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறை 1991இல் வெளியாகி 2016இல் திருத்தப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில், சந்தோஷ் எதிர் மதுரை மாவட்ட ஆட்சியர் வழக்கில், காவல் மரணங்களுக்குத் தெளிவான நெறிகளை வகுத்தது. குடும்பத்தினர் உடலை முன்னும் பின்னும் பார்க்கவும் படமெடுக்கவும் அனுமதிக்கப்பட வேண்டும். அவர்கள் பார்க்காமல் ஆய்வு நடக்கக் கூடாது. தடயவியல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற இரு மருத்துவர்கள் ஆய்வு செய்ய வேண்டும். முழு உடலுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்ய வேண்டும். அறிக்கையும் பதிவும் குடும்பத்திற்குத் தரப்பட வேண்டும். நீதிமன்றத்தை நாட இருப்பதாகக் குடும்பம் எழுதித் தந்தால், உடல் குறைந்தது 48 மணி நேரம் பாதுகாக்கப்பட வேண்டும்.

இத்தீர்ப்பு காவல் மரணங்களுக்கானது. எனினும் சாதி ஆணவக் கொலை ஐயமுள்ள மரணங்களிலும் இதே பாதுகாப்புகளைக் கோரி மனு அளிப்பதற்கு எத்தடையும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ(10) பிரிவு, அச்சட்டக் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகளைக் காணொளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது; உடற்கூராய்வுப் பதிவைக் கோருகையில் இதனையும் சுட்டலாம். மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2021 நவம்பரில் இரவு நேர உடற்கூராய்வுக்கு அனுமதி வழங்கியபோதும், கொலை, தற்கொலை, வன்புணர்வு, ஐயத்திற்குரிய மரணங்கள் ஆகியவற்றுக்கு, சட்டம் ஒழுங்குச் சூழல் இருந்தாலன்றி, விலக்களித்தது. "சட்டம் ஒழுங்கு" என்ற அந்த வாசல் வழியாகவே அவசர இரவு ஆய்வுகள் நம் வழக்குகளில் நுழையக்கூடும் என்பதால், காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

நீதிமன்றத்தில் அறிக்கையின் இடம்

உடற்கூராய்வு அறிக்கை தானாகவே முழுச் சான்றாகிவிடாது. மருத்துவர் கூண்டேறிச் சாட்சியம் அளிக்க வேண்டும். அவரது கருத்து வல்லுநர் கருத்து, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கண்ணால் கண்ட சாட்சி நம்பத்தக்கதாயின், மருத்துவச் சான்று அதற்கான வாய்ப்பையே முற்றிலும் மறுத்தாலன்றி, அச்சாட்சியைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983இல் சோலங்கி சிமன்பாய் வழக்கில் கூறியது. ஆனால் நம் வழக்குகள் பலவற்றில் கண்ட சாட்சிகள் அஞ்சி விலகுகின்றனர், அல்லது அப்படி ஒருவர் இருப்பதே இல்லை. அப்போது உடலே எஞ்சும் சாட்சி. அச்சாட்சியைப் பிறழவிடாமல் காப்பது முதல் நாளின் வேலை.

முதல் 24 மணி நேரத்தில்

களத்தில் இருப்போர் செய்ய வேண்டியவை இவை:

• குடும்பத்தின் ஐயத்தை எழுத்தில் காவல் நிலையத்திலும், கண்காணிப்பாளரிடமும், கோட்டாட்சியரிடமும், மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமும் அளித்து ஒப்புகை பெறுக. காதல் மணம், நிலத் தகராறு, முந்தைய மிரட்டல் ஆகியவற்றை அதில் குறிப்பிடுக. காவல்துறையின் கதையோடு நம் கேள்வியும் மேசைக்குச் செல்ல வேண்டும்.

• மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், தடயவியல் மருத்துவ வல்லுநர்களைக் கொண்டு, காணொளிப் பதிவுடன் ஆய்வு நடத்தக் கோருக.

• ஆய்வுக்கு முன் உடலை முழுமையாகப் பார்த்துப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். கைகள், நகங்கள், கழுத்து, முதுகு, உள்ளங்கால் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள்.

• ஆடைகள், கயிறு, நகத்துணுக்குகள், உள்ளுறுப்புகள் முத்திரையிடப்பட்டனவா எனக் குறித்துக்கொள்க.

• உடலைப் பெறும் ஒப்புகையில் "ஐயங்களுக்கு உட்பட்டு" என எழுதியே கையொப்பமிடுக. உயர் நீதிமன்றம் செல்வதாயின் அதையும் அங்கேயே எழுதித் தருக.

• ஐயம் தீரும்வரை எரியூட்டாமல் புதைப்பது நன்று. மண்ணுக்குள் இருக்கும் உடலை நீதிமன்ற ஆணையால் மீண்டும் எடுக்க இயலும்.

• அறிக்கை, திசு ஆய்வு, வேதியியல் ஆய்வு ஆகிய மூன்றையும் நகலாகப் பெறும்வரை விண்ணப்பங்களைத் தொடர்க.

நேர்மையான தடயவியல் மருத்துவர்கள் பலர் இருக்கின்றனர். அழுத்தத்திற்கு இடையில், போதிய ஆளும் வெளிச்சமும் இல்லாத பிணவறைகளில், கண்டதைக் கண்டபடி எழுதுகின்றனர். நாம் எழுத்தில் வைக்கும் கேள்வி அவர்களுக்கும் ஓர் அரண். அக்கேள்வி கோப்பில் இருந்தால், அதற்கு விடையளித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக் காட்டி அவர்கள் அழுத்தத்தை மறுக்க முடியும். கல்லூரிகளில் சட்டமும் மருத்துவமும் பயிலும் நம் மாணவர்கள் இத்துறைக்குள் வர வேண்டிய காரணமும் இதுவே. பிணவறையில் நம்மவர் இன்றும் இருக்கின்றனர், ஆனால் கத்தியைப் பிடிக்க மட்டுமே. அறிக்கையில் கையொப்பமிடும் இடத்திலும், அதைக் குறுக்கு விசாரணை செய்யும் இடத்திலும் அவர்கள் இருக்க வேண்டும்.